‘எம்பசியில சொல்லியாச்சு’ – அதற்குப் பிறகு

வெளிநாட்டில் ஒருவர் பிடிபட்டார் என்று தெரிந்ததும் ஊரில் எழுதப்படும் மனுக்கள் அச்சடித்ததுபோல ஒரே மாதிரி இருக்கும். முதல்வர், ஆட்சியர், எம்.பி., இந்தியத் தூதர் என்று நான்கு ‘பெறுநர்’. உள்ளே வாங்கிய கடன், சின்னப் பிள்ளைகள், படுத்த படுக்கையில் அம்மா. கடைசி வரி: “என் கணவரை மீட்டுத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.” பாஸ்போர்ட் எண் இருக்காது. எந்த ஊர், எந்தக் காவல் நிலையம் என்பது இருக்காது. கடைசியாகப் போனில் பேசிய தேதி இருக்காது.

இந்த மனு போய்ச் சேரும் மேஜையில் இருப்பவர் கான்சல், அவருக்கு யாரையும் மீட்கிற அதிகாரம் கிடையாது. அவர் கையில் இருப்பவை இரண்டுதான்: போய்ப் பார்க்கும் உரிமை, முத்திரை குத்தும் உரிமை. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இந்த இரண்டை வைத்தே எவ்வளவோ காரியம் நடக்கிறது. நடக்காமல் போகிற பல காரியங்கள், இந்த இரண்டில் எது வேண்டும் என்று தெரியாமல் கேட்டதால் போனவை. தூதரகங்களின் மெத்தனத்தால் போனவையும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை.

முதலில் பெயர்க் குழப்பம். கான்சலைத் ‘துணைத் தூதர்’ என்று எழுதி எழுதி, தூதருக்கு எடுபிடி மாதிரி ஒரு தோற்றம் வந்துவிட்டது. தூதர் ஒரு அரசிடம் இன்னொரு அரசுக்காகப் பேசுபவர், தலைநகரில் இருப்பார். கான்சல் தன் நாட்டு ஆட்களின் சொந்தக் காரியங்களைப் பார்ப்பவர், ஆட்கள் எங்கே அதிகமோ அங்கே இருப்பார். அபுதாபியில் இந்தியத் தூதரகம், துபாயில் கான்சுலேட். ரியாத்தில் தூதரகம், ஜித்தாவில் கான்சுலேட். தூதரகத்துக்குள்ளும் கான்சுலர் பிரிவு என்று ஒன்று இருக்கும், இதே வேலைக்கு. காமன்வெல்த் நாடுகள் தமக்குள் ‘தூதரகம்’ என்று சொல்லிக்கொள்வதில்லை. அதனால்தான் சென்னையில் பிரிட்டனுக்கும் இலங்கைக்கும் துணை உயர் ஆணையரகம், அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் துணைத் தூதரகம். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் 2010இல் இந்தியா திறந்தது துணைத் தூதரகம் என்றே பெயர் வாங்கியது, கண்டியில் இருப்பது உதவி உயர் ஆணையரகம். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

பெயரைவிட எல்லை முக்கியம். ஒவ்வொரு கான்சுலேட்டுக்கும் இந்தப் பகுதி உன்னுடையது என்று வரையறுத்திருப்பார்கள். ஷார்ஜாவில் நடந்தது துபாய் கான்சுலேட்டின் பொறுப்பு. தம்மாமில் நடந்தது ரியாத் தூதரகத்தின் பொறுப்பு, ஜித்தாவுக்கு எழுதிப் பயனில்லை. தவறான இடத்துக்குப் போன மனு கை மாறி வருவதற்குள் நாள் கடந்துவிடும். ஆள் காவலில் இருக்கும்போதும், உடல் பிணவறையில் இருக்கும்போதும் அந்த நாட்கள் கனமானவை.

கான்சலின் வேலைகளைப் பட்டியலிடுவது 1963இன் வியன்னா உடன்படிக்கை. 1967இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 1977இல் சேர்ந்தது. அதன் 5ஆம் பிரிவில் 13 கூறுகள். பாஸ்போர்ட், விசா கொடுப்பது, நோட்டரிபோலச் சான்றளிப்பது, பிறப்பு இறப்பைப் பதிவது, இறந்தவரின் சொத்தில் தன் நாட்டவருக்குச் சேர வேண்டியதைப் பாதுகாப்பது, கப்பல் மாலுமிகளைக் கவனிப்பது என்று நீளும். வணிக உறவை வளர்ப்பதும் அதில் உண்டு. கான்சுலேட்டுகளின் முகநூல் பக்கங்களில் குத்துவிளக்கும் வணிகச் சந்திப்பும் நிறைவதற்கு அதுதான் சட்ட ஆதாரம்.

பக்கங்களைப் புரட்டினால் உயிர் இருப்பது 36ஆம் பிரிவில். வெளிநாட்டவர் ஒருவரைக் கைது செய்தால், உன் நாட்டுக் கான்சலுக்குத் தகவல் சொல்லவா என்று அவரிடம் தாமதமின்றிக் கேட்க வேண்டும். அவர் ‘ஆமாம்’ என்றால் சொல்ல வேண்டும். அவர் எழுதும் கடிதத்தைக் கான்சலிடம் சேர்க்க வேண்டும். கான்சல் சிறைக்குப் போய்ப் பார்க்கலாம், பேசலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம். கைதி வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னால் விலகிவிட வேண்டும்.

இந்த நான்கு வரிகள் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அரிசோனாவில் லாகிராண்ட் சகோதரர்கள் என்ற ஜெர்மானியர் இருவருக்குக் கைதானபோது இந்த உரிமை சொல்லப்படவே இல்லை. 1999இல் இருவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றிவிட்டார்கள். 2001இல் தீர்ப்பு வந்தபோது, இது நாட்டுக்கு நாடு உள்ள சலுகை மட்டுமல்ல, கைதியின் தனி உரிமையும்கூட என்றது நீதிமன்றம். உளவாளி என்று பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில், பாகிஸ்தான் அவரை 2016 மார்ச் 3இல் பிடித்ததாகச் சொன்னது, இந்தியாவுக்குத் தெரிவித்தது மார்ச் 25இல். உளவு வழக்குக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்ற வாதம் எடுபடவில்லை. 2019 ஜூலை 17இல் 15க்கு 1 என்ற கணக்கில் பாகிஸ்தான் மீறியது என்று தீர்ப்பு. அந்தத் தீர்ப்பும் அவரை விடுதலை செய்யச் சொல்லவில்லை, தண்டனையை மறுபரிசீலனை செய்யத்தான் சொன்னது. 36ஆம் பிரிவு எதுவரை போகும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

சரி, போய்ப் பார்க்கிறார் என்றால் என்ன நடக்கிறது? ஒழுங்காகச் செய்யப்படும் முதல் சந்திப்பில் குற்றம் செய்தாயா என்ற கேள்வியே வராது. அது வக்கீல் கேட்க வேண்டியது. பக்கத்தில் காவலர் நிற்பார், அவருக்கு இந்தி புரியலாம். கான்சல் கேட்பவை வேறு. பிடித்த தேதி என்ன, நீதிபதி முன் நிறுத்திய தேதி என்ன. அடித்தார்களா, காயம் இருக்கிறதா. படிக்கத் தெரியாத மொழியில் எதிலாவது கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினார்களா. மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா, எந்த மொழிக்கு. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு என்று தினமும் மாத்திரை உண்டா. பாஸ்போர்ட் போலீஸிடமா, முதலாளியிடமா. ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்லக் கூடாது.

கடைசிக் கேள்வி சம்பிரதாயமில்லை. கைதி சம்மதிக்காமல் அவரது வழக்கு விவரத்தைக் குடும்பத்திடம் சொல்ல முடியாத நாடுகள் உண்டு. “எம்பசிக்காரர் போய்ப் பார்த்தாராம், ஆனா எங்ககிட்ட எதையும் சொல்ல மாட்டேங்கிறார்” என்ற புகாருக்குப் பின்னால் பல சமயம் கைதியே ‘வீட்டுக்குச் சொல்லாதீர்கள்’ என்றது இருக்கும். மொழிபெயர்ப்பாளர் கேள்வியும் அப்படித்தான். இந்தியர் என்றால் இந்தி தெரியும் என்று முடிவுகட்டி, ராமநாதபுரத்துக்காரரை இந்தி மொழிபெயர்ப்பாளர் முன் உட்காரவைத்து வாக்குமூலம் வாங்கிவிட்டால், பிறகு அதை உடைப்பது பெரும்பாடு. அதை முதல் வாரத்திலேயே எழுத்தில் ஆட்சேபிக்கக் கூடியவர் கான்சல்தான்.

தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்தியாகப் பார்க்காத வாரம் குறைவு: மீனவர் கைது. இலங்கைக் கடற்படை பிடித்தால் காங்கேசன்துறைக்கோ தலைமன்னாருக்கோ கொண்டுபோய், மீன்வளத் துறையிடம் ஒப்படைக்கும். ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, மன்னார் என்று பிடித்த இடத்துக்கு ஏற்ற நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். அங்கிருந்து விளக்கமறியல், அதாவது நீதிமன்றக் காவல். யாழ்ப்பாணத் துணைத் தூதரக அதிகாரிகள் போய்ப் பார்ப்பது, மாற்றுத்துணியும் சோப்பும் பற்பசையும் கொடுப்பது, வீட்டோடு பேசவைப்பது, வக்கீல் வைப்பது எல்லாம் இந்தக் கட்டத்தில். கூடவே ஆள் பட்டியல்: பெயர், தகப்பன் பெயர், ஊர், மீனவர் அடையாள அட்டை எண். கடலுக்குப் போகிறவர் பாஸ்போர்ட் கொண்டுபோவதில்லை. எனவே இவர் இந்தியர்தான் என்பதை இங்குள்ள மீன்வளத் துறை ஆவணங்களை வைத்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். பட்டியலில் ஒரு எழுத்துப் பிழை, அல்லது கடைசி நேரத்தில் வேறொருவருக்குப் பதிலாக ஏறியவர் என்றால் அந்த ஒருவரின் காகிதம் மட்டும் பின்தங்கும்.

நீதிமன்றம் விடுவித்தாலும் நேராக வீடு கிடையாது. கொழும்பை ஒட்டிய மிரிஹான தடுப்பு முகாமுக்கு மாற்றுவார்கள். அங்கே இருக்கும்போது கொழும்பிலுள்ள இந்திய உயர் ஆணையரகம் ‘அவசரச் சான்றிதழ்’ கொடுக்கும். அது ஒருவழிப் பயணத்துக்கான தாள், பாஸ்போர்ட் அல்ல. அதை வைத்துத்தான் சென்னைக்கு விமானம். விடுதலைச் செய்திக்கும் வீடு திரும்புவதற்கும் இடையே நாட்கள் ஓடுவது இதனால்தான். விடுதலையோடு பெரும்பாலும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை ஒன்றும் ஒட்டிக்கொண்டு வரும். மறுபடி பிடிபட்டால் பழையதையும் சேர்த்து அனுபவிக்க வேண்டும், கான்சல் எத்தனை முறை போய்ப் பார்த்தாலும் அது கரையாது. படகின் வழக்கு தனி. 2018இல் இலங்கை சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகு, உரிமையாளர் ஆவணங்களோடு அங்குள்ள நீதிமன்றத்தில் நேரில் நிற்க வேண்டும். படகின் பதிவுச் சான்று (ஆர்.சி.) பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடந்தால் படகு போனது போனதுதான். கச்சத்தீவு பற்றி யாழ்ப்பாணத்துக் கான்சலிடம் கேட்பதில் அர்த்தமில்லை. அது தூதர்கள், அமைச்சர்கள் பேசும் மேஜை.

இறப்பில் கான்சலின் வேலை முழுக்க முழுக்கத் தாள்தான். உடல் ஊர் வர இந்தியத் தூதரகங்கள் கேட்பவை: மருத்துவமனை தரும் இறப்புச் சான்று, விபத்தோ தற்கொலையோ என்றால் போலீஸ் அறிக்கையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், இறந்தவரின் பாஸ்போர்ட் விசா பக்கங்களின் நகல், உடலைப் பதப்படுத்தும் ஏற்பாடு, அந்நாட்டுக் குடியேற்றத் துறை மற்றும் சுங்கத்தின் அனுமதி, இவற்றோடு நெருங்கிய உறவினரின் சம்மதக் கடிதம். பாஸ்போர்ட்டை ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, இன்சூரன்ஸுக்கும் வாரிசு வேலைக்கும் அதே பக்கங்கள் வேண்டும்.

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது சம்மதக் கடிதத்தில். அது நோட்டரி சான்றோடு வர வேண்டும். உடலை ஊருக்கு அனுப்பவா, அங்கேயே அடக்கமா, தகனமா என்று ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மணமானவர் என்றால் மனைவி கையெழுத்திட வேண்டும். அண்ணன் போட்டு அனுப்பிவிட்டு, மனைவி தாய் வீட்டிலிருந்து தனியாக இன்னொன்று அனுப்பினால், இரண்டு கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு கான்சல் காத்திருப்பார். அவர் நீதிபதி அல்ல, குடும்பச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது, ஒரு மணி நேரத்தில் முடியக் கூடியது. அது பேசப்படாததால் பிணவறையில் வாரக்கணக்கில் கிடந்த உடல்கள் உண்டு.

பெயர்ப் பொருத்தம் அடுத்த முள். பாஸ்போர்ட்டில் ‘செல்வராஜ் முத்தையா’, ரேஷன் அட்டையில் ‘மு. செல்வராஜ்’, மனைவியின் ஆதாரில் கணவர் பெயர் ‘செல்வராசு’. நம் ஊரில் யாருக்கும் குழப்பமில்லை. அங்குள்ள அலுவலருக்கு மூன்று பேர். இவர்கள் அனைவரும் ஒருவரே என்று வட்டாட்சியரிடம் ஒரு சான்று வாங்கிச் சம்மதக் கடிதத்தோடேயே அனுப்பிவிட்டால் ஒரு சுற்று கடிதப் போக்குவரத்து மிச்சம்.

முதலாளி செலவை ஏற்க வேண்டும் என்பது பெரும்பாலான வளைகுடா ஒப்பந்தங்களில் உண்டு. ஏற்காவிட்டால், அல்லது ஓடிப்போனவர் என்று கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) கைகழுவியிருந்தால், இந்திய சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. 2009இல் தொடங்கியது, 2017இல் விதிகளைத் தளர்த்தினார்கள். கான்சுலேட்டில் நாம் கட்டும் கட்டணங்களோடு சேர்த்து வாங்கும் சிறு தொகைதான் அதன் ஊற்று. உடலை அனுப்ப, நிர்க்கதியானவருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் தர, டிக்கெட் எடுக்க, வக்கீலுக்கு, சிறிய அபராதம் கட்ட என்று அதிலிருந்து செலவழிக்கலாம். வசதியைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கேட்காதவருக்குத் தானாக வராது. “எம்பசியில் நிதி இல்லை” என்று முகப்பில் இருப்பவர் சொன்னால், இந்த நிதியின் பெயரைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், மறுப்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வெளியுறவுத் துறையின் ‘மதத்’ இணையதளத்தில் 2015 முதல் புகாரைப் பதிந்து எண் வாங்க முடிகிறது. போனில் சொன்னதற்கு எந்த அடையாளமும் இருக்காது, எண் உள்ள புகாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு வேலைக்கென இந்திய அரசிடம் குடிபெயர்வு அனுமதி வாங்கிப் போனவர் என்றால் பிரவாசி பாரதிய பீமா திட்டத்தில் விபத்து இறப்புக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடும் இருக்கும். ஏஜெண்ட் கொடுத்த தாள்களுக்குள் பாலிசி ஒளிந்திருக்கும், தேடிப் பார்க்க வேண்டும்.

வளைகுடாவில் கான்சலால் முடியாததையும் சொல்லிவிடலாம். சவூதியில் ‘ஹுரூப்’, அதாவது வேலையைவிட்டு ஓடிப்போனார் என்ற முதலாளியின் புகார், பதிவாகிவிட்டால் அதை நீக்குவது அங்குள்ள தொழிலாளர் துறை. அவுட்பாஸ் (மேலே சொன்ன அவசரச் சான்றிதழ்தான்) தருவது நம் தூதரகம், ஆனால் நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி அந்நாட்டுப் பாஸ்போர்ட் துறையான ஜவாஜாத்தின் கையில். அவுட்பாஸை வாங்கிக்கொண்டு விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இந்த இரண்டும் வேறு வேறு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்துவைத்தால் மட்டும் கான்சலின் குரல் சற்று உயரலாம். 1967இன் பாஸ்போர்ட் சட்டப்படி அந்தப் புத்தகம் இந்திய அரசின் சொத்து. அரசின் சொத்தைத் திருப்பிக் கொடு என்று அரசின் ஆள் கேட்பது இரக்க மனு ஆகாது.

முத்திரைக்கு வருவோம். சொந்த ஊர் நிலத்தை விற்கத் தம்பிக்குப் பவர் கொடுப்பது கான்சுலேட் கவுண்டர்களில் தினசரி வேலை, கெட்டுப்போவதும் தினசரி. வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துவருவது முதல் தவறு. பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, வெளிநாட்டில் இருப்பவரின் பவர் கான்சல் அல்லது வைஸ் கான்சல் முன்பாக, அல்லது அங்குள்ள நோட்டரி, நீதிபதி முன்பாக எழுதிக்கொடுக்கப்பட்டுச் சான்றளிக்கப்பட வேண்டும் என்கிறது. கான்சலின் முத்திரை ‘இவர் என் கண் முன் கையெழுத்திட்டார்’ என்று சொல்கிறது. நிலம் இவருடையதா, சர்வே எண் சரியா என்பதற்கு அந்த முத்திரை பொறுப்பல்ல, ஊரில் பலர் நினைப்பது அதற்கு நேர்மாறு. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வேண்டும். அடித்துத் திருத்திய இடத்தில் தனியாக. இரண்டு சாட்சிகள், அவர்களின் பாஸ்போர்ட் நகல். பத்திரத்தில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் வேறு என்றால் இரண்டையும் பவரிலேயே ‘என்கிற’ போட்டு எழுதிவிட வேண்டும்.

அடுத்த தவறு கூரியர் வந்த பிறகு. பவரை பீரோவில் வைத்துவிடுகிறார்கள். முத்திரைச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டில் எழுதிய ஆவணம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதைச் செய்வார்கள். வந்த தேதிக்குச் சாட்சி கூரியர் உறை, அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பிறகு தேடுவது வழக்கம். கிரயத்தன்று, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள். அதற்காக இன்னொரு முறை கான்சுலேட்டுக்கு அலைவது பாவம்தான், ஆனால் இறந்தவர் பெயரில் விற்கப்பட்ட நிலங்கள் நம் ஊரில் கொஞ்சமில்லை.

கான்சலுக்குச் சட்டப் பாதுகாப்பு முழுமையாக உண்டு என்று நினைப்பதும் தவறு. தூதருக்கு உள்ளது போன்ற கவசம் அவருக்கில்லை. அலுவல் நிமித்தம் செய்ததற்கு மட்டும் விலக்கு, கடுமையான குற்றம் என்றால் நீதிமன்ற ஆணையோடு கைதே செய்யலாம். 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி ஒருவர், வீட்டு வேலைக்காரரின் விசா தொடர்பான புகாரில் கைதானபோது இதுதான் விவாதம். பிறகு அவரை ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக்குழுவுக்கு மாற்றியதும் தூதர்களுக்குரிய கவசம் வந்தது, நாடு திரும்பினார்.

பிறப்புப் பதிவை எளிதாக நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையை ஓராண்டுக்குள் கான்சுலேட்டில் பதிய வேண்டும், குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக்கொடுக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு, பதியாவிட்டால் குடியுரிமையே இல்லை. ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவை.

இலங்கைச் சட்டத்திலும் இதே ஓராண்டுக் கணக்கு உண்டு, தாண்டினால் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்த ஈழத் தமிழ்க் குழந்தைகளுக்கு அது சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஆணையரகத்தின் வேலை. இங்குள்ள பிறப்புச் சான்று, முகாம் அட்டை, பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்று, திருமணப் பதிவு எல்லாம் வேண்டும். படகில் ஏறி வந்தவர்கள் கட்டிவந்த துணிமூட்டையில் பிறப்புப் பத்திரம் இருந்ததா என்பதைப் பொறுத்து, அவர்களின் பேரப்பிள்ளை எந்த நாட்டவர் என்பது முடிவாகிறது.

36ஆம் பிரிவில் ‘அவர் கேட்டால்’ என்று ஒரு சொல் இருப்பதை இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் புரியும். தன் நாட்டு அரசுக்குப் பயந்து ஓடிவந்தவருக்குக் கான்சல் ஆபத்பாந்தவன் அல்ல, அந்த அரசின் கண். கைதான அகதியின் பெயரை அவரைக் கேட்காமலே அவர் நாட்டுக் கான்சலுக்குச் சொல்லிவிட்டால், ஊரில் உள்ள குடும்பத்தின் வாசலுக்கு யார் வருவார்கள் என்று சொல்ல முடியாது. சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு இன்னொரு பொறியும் உண்டு. அம்மாவின் சாவுக்குப் போக வேண்டுமென்று இலங்கைக் கான்சுலேட்டில் பாஸ்போர்ட் எடுத்தால், சொந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடியவர் என்று 1951 அகதிகள் உடன்படிக்கையின் 1சி பிரிவின் கீழ் அந்தஸ்தையே பறிக்க வழி உண்டு. விண்ணப்பத்தை வாங்கி முத்திரை குத்தும் கவுண்டரில் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே கேட்பது நான்கு போட்டோவும் கட்டணமும்தான்.